நார் மில்லில் கொக்கிப்புழு

செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கர்ப்பிணிப் பெண்கள் வருவார்கள். மதுக்கரையைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன நிலையம் அது. அங்கே நான் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, சளி பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது என்று நாள் ஓடும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் விரலில் குத்தியபோது வந்த ரத்தத்தைப் பார்த்து என் கை நின்றுவிட்டது. பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

கொரோனா அடங்கி, ஊருக்குப் போயிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் மறுபடியும் ரயில் ரயிலாகப் போத்தனூரில் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். இவளும் இவள் கணவனும் அதற்கு முன்பே வந்து, ஊரடங்கிலும் திரும்பிப் போகாமல் பக்கத்துத் தென்னை நார் மில்லிலேயே தங்கிவிட்டவர்கள். எங்கள் பக்கத்தில் வடக்கேயிருந்து வரும் எல்லோரையும் ‘ஹிந்திக்காரங்க’ என்று சொல்லிவிடுவார்கள். இவளுக்கு ஹிந்தியே சரியாக வராது. ஒடியா பேசுவாள், அதை விட்டால் தமிழ்தான். அந்தத் தமிழையும் மில்லில் கூட வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்களிடம் கற்றிருந்ததால், வாயைத் திறந்தால் கொங்குத் தமிழாகவே வரும்.

“தலை சுத்துதுங்க அக்கா. நாலு எட்டு வெச்சா நெஞ்சு படபடங்குதுங்க” என்றாள். அப்போது அவளுக்கு நான்காவது மாதம். உதடும் நாக்கும் ஒரே வெள்ளை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், அங்கேயும் வெள்ளை. ஹீமோகுளோபின் ஐந்துக்கும் கீழே இருந்தது. எங்கள் டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர், நிதானமானவர். அவரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆம்புலன்ஸை வரவழைத்து அவளைக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கொஞ்ச நாள் தெளிவாக இருந்தாள். அடுத்தடுத்த பரிசோதனைகளில் மறுபடியும் ரத்தம் இறங்க ஆரம்பித்தது. எங்கள் நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“மாத்திரையைச் சாக்கடையில போட்டுட்டு இங்க வந்து நிக்கறியா கண்ணு?”

“இல்லீங்க அக்கா. சாமி சத்தியமா முழுங்குறேனுங்க.”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுப்பாகப் போகும். அப்படிப் போகிறதா என்று கேட்டதும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அப்படியென்றால் ஏற்றிய ரத்தம் எங்கே போகிறது?

டாக்டரம்மா கொஞ்சநேரம் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெடித்த பாதங்கள். விரலிடுக்குகளில் சொறிந்த தடம்.

“மில்லுல செருப்புப் போடுவியாம்மா?”

“நார்த்தூளுக்குள்ள செருப்பு நிக்காதுங்க. புதைஞ்சு போயிருமுங்க.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, “மோஷன் டெஸ்ட் பண்ணுங்க” என்றார்.

சொல்வது சுலபம். அந்த டப்பாவை அவள் கையில் கொடுத்து எதற்கு என்று புரியவைத்தபோது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். மறுநாள் காலை அவள் கணவன் மஞ்சப்பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று சுற்றி எடுத்து வந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே ஓடிப்போனான்.

கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புத்தண்ணீர், அதில் குண்டூசித்தலை அளவு மலம். மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகினேன். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. முட்டைகள். நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே திராட்சை மாதிரி உருண்டைகளோடு. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இருந்தன. படிக்கும்போது வகுப்பில் காட்டிய கொக்கிப்புழு முட்டை. வேலைக்கு வந்த பிறகு எப்போதாவது ஒன்றிரண்டு பார்த்திருப்பேன். இப்படிக் கூட்டமாகப் பார்த்ததில்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஏத்துன ரத்தத்தை இதுதான் குடிச்சிருக்கு” என்றார்.

கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்து ஈரமண்ணில் பொரிக்கும். அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கவ்விக்கொள்ளும். வருடக்கணக்காக அங்கேயே இருந்து ரத்தம் குடிக்கும். சோகை பிடித்தவளுக்கு வயிற்றில் குழந்தையும் இருந்தால், இரண்டு உயிருக்கும் ஆபத்து.

பூச்சி மாத்திரை கொடுக்கக்கூடிய மாதத்தில்தான் அவள் இருந்தாள். டாக்டரம்மா தன் முன்னாலேயே விழுங்கவைத்தார். இரும்பு மாத்திரையும் தொடர்ந்தது. அடுத்த மாதம் அவள் விரலில் வந்த ரத்தம், ரத்தம் மாதிரி இருந்தது. நான் அதை அவளுக்கே காட்டினேன். சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

“அங்க எல்லாருக்கும் தலை சுத்துதுங்க அக்கா. போன மாசம் ஒரு பையன் மிசினுகிட்டயே விழுந்துட்டானுங்க.”

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த வார்த்தை கூடவே வந்தது. ஒருத்திக்கு மாத்திரை கொடுத்து அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அந்த மண்ணைப் பார்க்காமல் விடுவதில்லை என்று போத்தனூர் வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

சுகாதார ஆய்வாளரின் வண்டியில் மில்லுக்குப் போனேன். தேங்காய் மட்டை மலைபோலக் குவிந்திருந்தது. மட்டையை நனைத்து, மிஷினில் விட்டு, நாரைத் தனியாக உதறி எடுக்கிறார்கள். உதிர்ந்த நார்த்தூள் எங்கே பார்த்தாலும் செம்மேடாகக் கிடந்தது. எப்போதும் தண்ணீர் தெளிப்பதால் ஈரம் காய்வதே இல்லை. ஆண், பெண் எல்லோரும் கணுக்கால் புதைய வெறுங்காலோடு நின்று வேலை செய்தார்கள். பின்னால் தகரக் கொட்டகைகள், அதுதான் குடியிருப்பு. மொத்தப் பேருக்கும் ஒரே ஒரு கக்கூஸ். அதுவும் அடைத்து, கதவு கழன்று, உள்ளே பழைய சாக்குகள் கிடந்தன. எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நார்த்தூள் மேட்டின் மறைவில் போகும் ஒற்றையடித் தடத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தூறல் விழுந்தால் அங்கிருந்து வடியும் தண்ணீர் நேராக வேலை செய்யும் இடத்துக்குத்தான் வரும்.

முதலாளி மரியாதைக்காரர். நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. இது அவிங்க ஊர்ல இருந்து கொண்டாந்த நோவுங்க. நம்ம மண்ணுல ஏதுங்க இந்தப் புழுவெல்லாம்? என்ற அப்பன் காலத்துல இருந்து இந்தத் தோப்புல வெறுங்கால்லதான் நடக்கறோம்.”

“அப்ப உங்க ஆளுக எல்லாரையும் பரிசோதனை பண்ணிப் பாத்துரலாமுங்களா?”

“ஆளுக எல்லாம் அங்க வந்து நின்னா மிசினு நின்னுபோகுமுங்க. நீங்க மாத்திரையைக் குடுத்துப்போட்டுப் போங்க. நான் தரச் சொல்றேன்.”

வெளியே வந்ததும் ஆய்வாளர் சலித்துக்கொண்டார். “நோட்டீஸ் குடுத்தா அந்த ஒரு கக்கூஸுக்கு வெள்ளையடிச்சுக் காட்டுவாருங்க மேடம். நான் இப்படி எத்தனை பாத்துட்டேன்.”

“நீங்க நோட்டீஸைக் குடுங்க. நான் ஞாயித்துக்கெழமை வாரேன்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அன்றைக்கு மிஷின் நின்றுபோகுமே என்று யாரும் சொல்ல முடியாது.

என் கணவர் ரயில்வேயில் இருக்கிறார். ஞாயிறு காலைப் பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும், என் பையில் இருந்த டப்பாக்களைப் பார்த்துவிட்டு, “ஊரே கறி வாங்கப் போகுது. நீ பீ டப்பா தூக்கிட்டுப் போறே” என்றார். நான் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன். பின்னாலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். “ஏறு. பஸ்ஸுல அதெக் கொட்டிப்போட்டீன்னா என்ன பண்றது?” அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் அவர்தான் கொண்டுபோய் விட்டார்.

கொட்டகைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார்கள். துணி துவைக்கிற பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். காரணம் அந்த ஒடிசாப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கொரோனாவின்போது மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, சிலரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். இப்போதும் பரிசோதனை என்று சொல்லி, நோய் இருப்பவர்களை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

“நானே சொல்றேனுங்க அக்கா” என்றாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு டப்பாவை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒடியாவில் ஏதோ சத்தமாகப் பேசினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிய பெண்ணா இவள் என்று இருந்தது எனக்கு. யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் உதட்டையும் கண்ணையும் தொட்டுக் காட்டினாள். கொஞ்சநேரத்தில் ஒருவன் வந்து டப்பாவை வாங்கினான். பிறகு அவன் மனைவி. பிறகு வரிசையே வந்துவிட்டது.

“என்ன சொன்னே?” என்று கேட்டேன்.

“வெக்கப்பட்டுட்டே இருந்தா செத்துப் போயிருவோம்னு சொன்னேனுங்க.”

வரிசையின் கடைசியில், பக்கத்து ஊரிலிருந்து அந்த மில்லுக்கு வேலைக்கு வரும் ஓர் அம்மாவும் நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஒடிசாப் பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அங்கே வேலை இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்.

“எனக்கும் ஒண்ணு குடுங்க அம்மணி. ரெண்டு வருசமாத் தலை கிறுகிறுங்குது. கவுச்சி திங்காததால ரத்தம் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க.”

“நீங்க வெளியூர்ல எங்கயாவது இருந்திருக்கீங்களாம்மா?”

“பழனியைத் தாண்டிப் போனதில்லைங்க.”

மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பை விட்டு நான் எழவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது. மாதிரி பழசாகிவிட்டால் முட்டை பொரித்துவிடும், அதனால் நிறுத்தவும் முடியாது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கொக்கிப்புழு இருந்தது. பழனியைத் தாண்டாத அந்த அம்மாவுக்கும் இருந்தது. அந்தத் தகட்டை டாக்டரம்மாவிடம் காட்டினேன். எங்கிருந்தோ யாரோ கொண்டுவந்தது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. அது இந்த மண்ணில் இருக்கிறது.

எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தோம். டாக்டரம்மாவே முதலாளியிடம் போனில் பேசினார். “சந்தோசமுங்க, மாத்திரை குடுத்தாச்சல்லங்க, தீந்துது” என்றாராம். தீரவில்லை, கக்கூஸ் கட்டாவிட்டால் திரும்பி வரும் என்றதற்கு, “ஆகட்டும், பார்க்கலாமுங்க” என்றார். ஒரு மாதம் போனது. ஒரு செங்கல்கூட இறங்கவில்லை.

அப்போதுதான் லேப்பில் நான் எடுத்து வைத்திருந்த ஒரு குழாய் நினைவுக்கு வந்தது. படிக்கும் காலத்தில் கற்ற சோதனை அது. ஒரு துண்டு வடிதாளில் மலத்தைத் தடவி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்ட கண்ணாடிக் குழாய்க்குள் நிறுத்தி வைத்தால், சில நாட்களில் முட்டை பொரித்துப் புழு தண்ணீருக்குள் இறங்கும். தோலைத் துளைக்கக்கூடிய புழு என்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அந்த அம்மாவிடம் கேட்டு, மாத்திரை கொடுக்கும் முன்பே அவருடைய மாதிரியில் அப்படி ஒரு குழாய் தயார் செய்து வைத்திருந்தேன். புழுக்கள் இன்னும் உயிரோடு இருந்தன. டாக்டரம்மா, “எடுத்துட்டுப் போங்க, நானும் வரேன்” என்றார்.

மில்லின் ஆபீஸ் அறையில் மைக்ராஸ்கோப்பை வைத்து, ஒரு துளியைத் தகட்டில் மூடி முதலாளியைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். புழுக்கள் துடித்துத் துடித்துச் சுழன்றுகொண்டிருந்தன. அவர் அதிகநேரம் பார்த்தார். மேசைக்கடியில் அவருடைய கால்கள் செருப்பைத் தேடியதை நான் கவனித்தேன்.

“இது அந்த ஒடிசாக்காரப் புள்ளையோடதுங்களா?”

“யாரோடதுன்னு நாங்க சொல்லக் கூடாதுங்க” என்றார் டாக்டரம்மா. “இந்த ஊரை விட்டுப் போகாதவங்களோடது.”

வாசலில் நின்றிருந்த அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். “என்னோடதுதானுங்க. சொன்னா என்ன?”

முதலாளிக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்து போகும் குடும்பத்து அம்மா அது. தண்ணீர் குடித்தார். மறுபடியும் “பார்க்கலாமுங்க” என்றார். குரல் மட்டும் முன்புபோல இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கொட்டகைப் பக்கம் வந்தார். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கேட்பதற்காக. எங்கள் பகுதியில் எல்லா முதலாளிகளுக்கும் இருக்கும் பயம் அது. போனவர்கள் வராவிட்டால் மில் நின்றுவிடும். நான் மேசையருகில் இருந்தேன். ஒடிசாப் பெண்ணின் கணவனிடம்தான் கேட்டார். அவன் வாயைத் திறக்கும் முன் அவள் முன்னால் வந்தாள்.

“லெட்ரின் கட்டுனா எல்லாரும் வாரோமுங்க. கட்டலைன்னா வரலீங்க.”

முதலாளி சுற்றிலும் பார்த்தார். ஆண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அந்த ரோட்டில் இன்னும் நார் மில்கள் இருந்தன, ஆள் தேடிக்கொண்டு. அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

“நீ தமிழ் நல்லாத்தான் பேசறே கண்ணு” என்றார் கடைசியில்.

“தண்ணியும் வேணுமுங்க” என்றாள் அவள்.

அந்த வாரமே குழி தோண்ட ஆரம்பித்தார்கள். பெண்களுக்குத் தனியாக, ஆண்களுக்குத் தனியாக. ஆனால் கட்டி முடித்த பிறகு தண்ணீர்க் குழாய் இழுக்க மறந்துபோனார்கள், அல்லது மறந்த மாதிரி இருந்தார்கள். ஆய்வாளர் இந்த முறை சலித்துக்கொள்ளவில்லை. தினமும் வண்டியை மில் வாசலில் நிறுத்தி, ஹாரன் அடித்து, “தண்ணி வந்துதாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போனார். தண்ணீர் வந்தது. ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். வெயிலில் கால் வெந்துபோகிறது என்று கழற்றி எறிந்தார்கள். பிறகு பின்னால் வாரும் மேலே மூடலும் உள்ள செருப்பாக வாங்கினார்கள். அதுதான் நின்றது. பழைய மேட்டை அள்ளிக் கொட்டி வெயிலில் காயவிட்டார்கள்.

மறுபடியும் எல்லோருடைய மாதிரியையும் பார்த்தேன். பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சிலருக்கு இருந்தது. எனக்குச் சோர்வாக இருந்தது. “இருந்தா மறுபடியும் குடுப்போம். அப்பறம் மறுபடியும் பார்ப்போம். என்ன இப்போ?” என்று டாக்டரம்மா சொன்னதும் நான் அடுத்த டப்பாவை எடுத்தேன்.

ஒடிசாப் பெண்ணுக்குப் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. பழனியைத் தாண்டாத அந்த அம்மாதான் வார்டில் துணைக்கு இருந்தார். நான் பார்க்கப் போனபோது குழந்தையின் கால் இரண்டையும் துணியை விலக்கிக் காட்டி, “பாருங்க அம்மணி, எப்படி செகப்பா இருக்குது” என்றார்.

இப்போதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் ஒரு கக்கூஸ் அடைத்துக்கொள்கிறது. பக்கத்து மில்லில் இன்னும் ஒன்றும் கட்டவில்லை. அங்கே போய்வரத் தொடங்கியிருக்கிறோம். காபி நன்றாகத்தான் தருகிறார்கள். மேசையைப் போட இன்னும் இடம் தரவில்லை. தருவார்கள்.

போன வாரம் திங்கட்கிழமை காலை, லேப்பைத் திறக்க வந்தபோது கதவு முன்னால் ஒரு கூட்டம். ராத்திரி ரயிலில் போத்தனூர் வந்து இறங்கிய புது ஆட்கள், பைகள் இன்னும் தோளில். தூக்கம் போகாத முகங்கள். அவர்களுக்கு முன்னால் அவள், இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

“இவிங்க இன்னும் மில்லுக்குப் போகலீங்க அக்கா. மொதல்ல இங்கதான் கூட்டிட்டு வந்தேனுங்க” என்றாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி ஒடியாவில் ஏதோ சொல்ல, முன்னால் நின்றவர் வெட்கத்தோடு கையை நீட்டினார். நான் அலமாரியைத் திறந்து டப்பாக்களை எடுத்தேன்.